இருபத்தேழாம் எண் மண்டலத்தில் உப்பு

"பேரண்டம் தன் ஆழ்ந்த இரகசியத்தைச் சொல்லத் தேர்ந்தெடுத்த ஊர் திருநெல்வேலி, தேர்ந்தெடுத்த நாள் இந்நாள், தேர்ந்தெடுத்த செவி நம் செவி!" என்று இயக்குநர் பேராசிரியர் முனைவர் திருமலைக்கொழுந்து முழங்கினார். மைக் வேலை செய்யவில்லை. முதல் இரண்டு வரிசைக்கு மட்டும் கேட்டது. பின்னால் இருந்த பத்திரிகைக்காரர்கள், வாய் அசைந்து நின்றதைப் பார்த்துப் பேச்சு முடிந்துவிட்டது என்று கைதட்டினார்கள். இரண்டு பேர் எழுந்து போண்டா இருக்கும் பக்கம் நகர்ந்தே விட்டார்கள்.

மூன்றாவது வரிசையில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை வேர்த்து, அதை வேட்டியில் துடைத்துத் துடைத்து, தொடைப் பக்கம் ஈரமாகிவிட்டது. இந்தக் கூட்டத்தில் இன்னும் சற்று நேரத்தில் எழுந்து நின்று, இயக்குநர் சொல்வது பொய் என்று சொல்லப்போகிறவர் அவர்தான். அது பொய் என்று தெரிந்த ஒரே மனிதரும் அவர்தான். ஏனென்றால் அந்தப் பொய்யைச் செய்தவர் அவர்.

அகச்சிவப்பு வானியல் நடுவத்தில் அவருக்கு இருபத்தாறு வருடச் சர்வீஸ். என்ன வேலை என்று அவர் மனைவி கோமதிக்கு வெகுகாலம் விளங்கவில்லை. ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, ஆபீஸ்ல நீங்க என்னதான் செய்யுதீய?"

"ரொம்பப் பிரகாசமான விண்மீன் மண்டலங்கள் இருக்கு கோமதி. நம்ம பால்வீதியைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வெளிச்சம். ஆனா சுத்திலும் தூசு. உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தூசு சூடாகுதுல்லா, அந்தச் சூட்டைத்தான் நம்ம தொலைநோக்கி பாக்கு. சூட்டை நிறமாலையாப் பிரிச்சா ரெண்டுல ஒண்ணு தெரியும். ஒண்ணு, உள்ள கூட்டங்கூட்டமா நட்சத்திரம் பிறக்குது. அப்படின்னா கரிப்புகை மாதிரி மூலக்கூறோட அடையாளம் இருக்கும். இல்லைன்னா நடுவுல ஒரு கருந்துளை உக்காந்து சுத்தி இருக்கதையெல்லாம் முழுங்குது. அப்போ நியான் அணு ஒண்ணு எலெக்ட்ரானெல்லாம் பிடுங்கப்பட்டு ஒரு கோடு காட்டும்."

"முழுங்கினா எப்படிங்க வெளிச்சம் வரும்?"

"முழுங்குததுக்கு முன்னால சுத்திச் சுத்தி அரைபடும்லா. அந்தச் சூடு."

"அப்போ பெத்தாலும் வெளிச்சம், முழுங்கினாலும் வெளிச்சம்."

"வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்."

கோமதி தோசையைத் திருப்பிப் போட்டாள். "உங்க டைரக்டரையும் ஒரு தடவை அந்தக் கருவியில வச்சுப் பாருங்களேன்."

அவளுக்கு அறிவியல் புரிந்துவிட்டது என்று ஆவுடையப்பனுக்கு அப்போதே தெரிந்தது. நடுவத்தில் யார் எழுதிய கட்டுரையானாலும் அதன் தலையில் திருமலைக்கொழுந்து என்ற பெயர் இருக்கும்.

இயக்குநரின் சொந்தப் படைப்பு என்று ஒன்றும் இருக்கத்தான் செய்தது: 'துலாக்கோல்' என்ற மென்பொருள். ஒரு மண்டலத்தின் நிறமாலையைக் கொடுத்தால், பிறப்பு இத்தனை சதவீதம், கருந்துளை இத்தனை சதவீதம் என்று இரண்டு எண்களைக் கொடுக்கும். கூட்டினால் எப்போதும் நூறு வரும். பூசணிக்காயின் நிறமாலையைக் கொடுத்தாலும் நூறுதான் வரும். மூன்றாவது பதில் ஒன்று இருக்கலாம் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்படிக் கருவியும் மனிதரும் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க நடுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு 'உப்புப் போடுவது' என்று பெயர். வானத்திலிருந்து வரும் தரவில் எங்காவது ஓரிடத்தில், வேண்டுமென்றே ஒரு பொய் நிறமாலையைக் கலந்துவிடுவார்கள். குழுவில் உள்ளவர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்களா, கண்டுபிடித்துவிட்டு ஆட்டம் போடுகிறார்களா என்று பார்க்க. எங்கே போட்டது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். எழுதிவைக்கக் கூடாது, எழுதினால் யாராவது படிப்பார்கள். பொய் உட்காரும் இடத்தில் இருந்த உண்மைத் தரவும் அழிக்கப்படும். வைத்திருந்தால் யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எதையாவது கண்டுபிடித்து உலகத்துக்கு அறிவிப்பதற்கு முன்னால், அந்த ஒருவரிடம் போய் முறைப்படி "உப்பு இருக்கா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காமல் சொல்லக் கூடாது.

அந்த ஒருவராக ஆவுடையப்பனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் சாதாரணமாகத் தெரிவதில்லை என்பதுதான் தகுதி. கேன்டீனில் அவர் வந்து உட்கார்ந்தாலே எவனாவது, "சார், சாம்பார்ல உப்பு இருக்கா?" என்று குரல் கொடுப்பான். "விதிப்படி எழுதிக் கேளுடே" என்பார். சிரிப்பார்கள். இருபத்தாறு வருடச் சர்வீஸில் அவர் சொல்லி நாலு பேர் சிரித்தது அந்த ஒன்றுக்குத்தான்.

அவர் போட்ட உப்பு கொஞ்சம் குறும்பானது. கரிப்புகை அடையாளமும் கிடையாது, நியான் கோடும் கிடையாது. வழவழவென்று ஒரே சீரான சூடு. பிறப்புமில்லை, விழுங்கலுமில்லை. 'துலாக்கோல்' இதற்கும் இரண்டு எண் கொடுக்கிறதா பார்ப்போம் என்று ஒரு விஷமம்.

அடுத்த வருடம் ஒருநாள் கேன்டீனில் ஜெசிந்தா அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். பாளையங்கோட்டைக்காரி. நாற்பது வயது. நிறமாலையைக் கணினியிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல், தானே உட்கார்ந்து கண்ணால் பார்க்கிற ஒரே ஆள். அதனாலேயே மற்றவர்கள் ஐந்து மண்டலம் முடிப்பதற்குள் அவள் ஒன்றைத்தான் முடித்திருப்பாள். இயக்குநர் அவளை 'நம்ம மாட்டுவண்டி' என்று அழைப்பார், பாசமாக.

"சார், இருபத்தேழாம் நம்பரைப் பாத்தேன்."

ஆவுடையப்பன் தட்டில் இருந்த வடையைப் பார்த்தார்.

"துலாக்கோல் வழக்கம்போல ரெண்டு எண்ணு கொடுத்திருக்கு. ஆனா அது ரெண்டுமே இல்ல சார். நட்சத்திரமும் பிறக்கல, கருந்துளையும் முழுங்கல. வெறும் சூடு. அம்புட்டுப் பெரிய மண்டலம், இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே சூடு. இயற்கைக்கு இவ்வளவு ஒழுங்கு வராது."

"அதனால?"

"நம்ம கேன்டீன் சமையல்கட்டு பக்கமாப் போனா சூடு அடிக்குதுல்லா? கதவு மூடியிருக்கு, உள்ள தெரியல. ஆனா சூடு அடிச்சா என்ன அர்த்தம்? உள்ள யாரோ சமைக்காங்க."

"மண்டலம் முழுக்கவா?"

"மண்டலம் முழுக்க. ஒவ்வொரு நட்சத்திரத்தோட வெளிச்சத்தையும் யாரோ எடுத்துப் பயன்படுத்திட்டு, மிச்சச் சூட்டை மட்டும் வெளிய விடுதாங்க சார்." சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. கோவிலில் பேசுகிற மாதிரி.

ஆவுடையப்பன் வடையைப் பிட்டு வாயில் போட்டார். 'ஏம்மா, அது நான் போட்ட உப்பு' என்ற வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்தது. விதி ஞாபகத்துக்கு வந்தது. விதியோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தான் செய்த ஒரு பொருளைப் பார்த்து ஒருத்தி இப்படிக் குரல் தாழ்த்துவதைக் கேட்க நன்றாக இருந்தது.

"இன்னும் நல்லாப் பாரும்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் நன்றாகப் பார்த்தாள். இரண்டு வருடம் பார்த்தாள். வெளிநாட்டில் ஒரு நல்ல வேலை வந்ததை வேண்டாம் என்றாள். பெண் பார்க்க வருவதுபோல மற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்து ஆட்கள் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். கடைசியில் கட்டுரையை எழுதி, இயக்குநரிடம் கொண்டுபோய், "முறைப்படி உப்பு கேட்கணும் சார்" என்றாள்.

இயக்குநர் அவளை அனுப்பிவிட்டு ஆவுடையப்பனைக் கூப்பிட்டார். மேடைத் தமிழ் மேடையோடு சரி; அறைக்குள் அவரும் திருநெல்வேலிக்காரர்தான்.

"வேய், நான் உம்மகிட்ட உப்பு கேக்கப்போறது இல்ல."

"கேக்கணும்லா சார்? விதி."

"கேட்டு, நீரு இருக்குன்னு சொல்லிட்டா?"

"அதுக்குத்தான சார் கேக்கது."

"வெளங்கும்! வெள்ளிக்கிழமை அமைச்சர் வாராரு. பேனர் அடிச்சாச்சு. வேத்துலக மக்களைக் கண்டுபிடிச்ச தமிழன்னு. நீரு பேசாம மூணாவது வரிசையில உக்காந்து போண்டாவைத் தின்னுட்டுப் போரும்."

கண்டுபிடித்தது தமிழச்சி ஆயிற்றே என்று ஆவுடையப்பன் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, ஒரு சிறு உரையைத் தயாரித்தார். 'உண்மை' என்ற சொல் அதில் அடிக்கடி வந்தது.

ஆக, அந்த வெள்ளிக்கிழமை. மைக் சரிசெய்யப்பட்டது. இயக்குநர் பேரண்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். 'இருபத்தேழாம் எண் மண்டலம்' என்ற சொல் வந்ததும் ஆவுடையப்பன் எழுந்தார்.

"மன்னிக்கணும். இருபத்தேழில் இருப்பது மனிதர்களுமல்ல, வேற்றுலகத்தவருமல்ல. அது நான் போட்ட உப்பு. கேட்கப்படாமல் சொல்வது விதிமீறல். ஆனால் உண்மை, விதியைவிடப் பெரியது."

அப்புறம் நடந்ததெல்லாம் அவர் கனவில் கண்டதைவிட நன்றாக நடந்தது. கேமராக்கள் மேடையை விட்டு மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. அமைச்சர் கீழே இறங்கி வந்து, இயக்குநருக்காகக் கொண்டுவந்த பொன்னாடையை இவருக்குப் போர்த்தினார். மறுநாள் ஒரு பத்திரிகை 'அறிவியலின் அரிச்சந்திரன்' என்று எழுதியது. திருமலைக்கொழுந்துவும் லேசுப்பட்டவரில்லை, அன்று மாலையே, 'உண்மைக்கு அஞ்சாத நிறுவனம்' என்று பேனரை மாற்றி அடித்துவிட்டார்.

ஜெசிந்தா மட்டும் எல்லோரும் போன பிறகு வந்தாள். அவள் அழுதிருக்கவில்லை. அது அவருக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆறுதல் சொல்ல நாலு வாக்கியம் வைத்திருந்தார்.

"இருபத்தேழுலதான் போட்டீங்களா சார்?"

"ஆமாம்மா."

"நிச்சயமா?"

"மனசுல கல்வெட்டா இருக்கு."

"தொலைநோக்கியில இன்னும் கொஞ்சம் ஹீலியம் மிச்சம் இருக்கு. ஒரே ஒரு தடவை இருபத்தேழை மறுபடி பாத்துருவோமே சார். நீங்க போட்டது தரவுலதான? வானத்துல இல்லையே. உப்புதான்னா இந்தத் தடவை காணாமப் போயிரும். நானும் நிம்மதியா இருப்பேன்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அகச்சிவப்புத் தொலைநோக்கி தானே சூடாக இருந்தால் எதையும் பார்க்க முடியாது. அதைக் குளிரவைக்கும் ஹீலியம் தீர்ந்தால் அதோடு சரி. மறுபடி நிரப்ப விண்வெளியில் பங்க் கிடையாது. மிச்சத்தை எதற்குச் செலவழிப்பது என்று குழு கூடியது. ஆவுடையப்பனும் உறுப்பினர். அரிச்சந்திரன் ஆன பிறகு அவர் சொல்லுக்குத் தனி எடை.

"என் பொய்யை நானே ஒத்துக்கொண்ட பிறகு அதைச் சரிபார்க்க ஹீலியமா? வேண்டாம். தேசத்தின் ஹீலியம் அது" என்றார். உருக்கமாகத்தான் சொன்னார். தன்னைத் தானே தாழ்த்திக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அதிலும் பத்துப் பேர் பார்க்கும்போது.

மிச்ச ஹீலியத்தில் நடுவத்தின் வருடக் காலண்டருக்கு ஆறு வண்ணப் படங்கள் எடுக்கப்பட்டன. தொலைநோக்கி சூடேறிக் குருடாயிற்று. அடுத்ததை அனுப்புவது பற்றி அரசாங்கம் பரிசீலிப்பதாகச் சொன்னது. ஜெசிந்தா ராஜினாமா செய்து நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கப் போனாள். சொந்த நடுவத்தில் போட்ட உப்பிலேயே ஏமாந்தவள் என்று பெயர் ஆகிவிட்டது. வேறு ஆய்வுக்கூடம் எதுவும் கூப்பிடவில்லை.

ஆவுடையப்பன் ஓய்வு பெற்ற பிறகு 'அறிவியலில் நேர்மை' என்று கல்லூரி கல்லூரியாகப் பேசப் போனார். ஒரே பேச்சுதான், பொன்னாடைதான் நிறம் மாறும். ஆறு வருடம் கழித்து அந்தப் பேச்சு ஜெசிந்தாவின் கல்லூரிக்கே வந்து சேர்ந்தது. அவள் அங்கே இருப்பது தெரிந்துதான் ஒத்துக்கொண்டார். அவள் தன்னை மன்னிப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை.

அவள் ஆசிரியர் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவர் வழக்கமான இடத்துக்கு வந்து, வழக்கமாகக் குரலைத் தாழ்த்தினார்:

"மாணவச் செல்வங்களே, தொலைநோக்கி ஏவப்படுவதற்கு முன்பே நான் கணினிக்கு ரகசியமாக ஒரு கட்டளை கொடுத்தேன். 'வரிசையில் இருபத்தேழாவதாக எந்த மண்டலம் வருகிறதோ, அதில் உப்பைப் போடு!'"

கைதட்டல். ஜெசிந்தா கைதட்டவில்லை. தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள்.

பேச்சு முடிந்ததும் ஆசிரியர் அறையில் அவருக்குக் காபி வாங்கிக்கொடுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"கோமதி அக்கா நல்லா இருக்காங்களா சார்?"

"முழங்கால் வலி. மத்தபடி வாய் நல்லா இருக்கு. நீ எப்படிம்மா இருக்கே?"

"இருக்கேன் சார். நீங்க மேடையில சொன்னதுல ஒரு சந்தேகம். கணினிகிட்ட எண்ணைச் சொன்னீங்களா, வரிசையைச் சொன்னீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. வரிசையில இருபத்தேழாவது."

"நம்ம மண்டலங்களுக்கு எட்டாம் நம்பர் கிடையாதே சார்."

ஆவுடையப்பன் காபியை ஊதினார்.

"டைரக்டருக்கு எட்டு ஆகாது" என்றாள் அவள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "வெளிய மூடநம்பிக்கை ஒழிப்புன்னு பேசுவாரு. கார் நம்பர்ல, ரூம் நம்பர்ல எட்டு வரக்கூடாது. மண்டலங்களுக்கு நம்பர் போடும்போதும் ஏழுக்கு அடுத்து ஒம்பதுன்னு போடச் சொல்லிட்டாரு. நாம எல்லாரும் கேன்டீன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்போமே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. சிரித்ததும் ஞாபகம் இருந்தது. எட்டாவது மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள் போல என்று அப்போது நினைத்தாரா, அல்லது எதையுமே நினைக்கவில்லையா என்பதுதான் ஞாபகம் இல்லை.

"அப்போ வரிசையில இருபத்தேழாவதா வந்தது…"

"இருபத்தெட்டாம் நம்பர் சார்."

"அப்போ நீ பாத்தது?"

ஜெசிந்தா ஜன்னல் வழியாக, மைதானத்தில் யாரோ காயப்போட்டிருந்த ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் தானே கணக்குப் போட்டார். இருபத்தேழாம் எண்ணில் யாரும் உப்புப் போடவில்லை. அது வானத்திலிருந்து வந்தது வந்தபடியே இருந்தது. ஒரு மண்டலம் முழுக்க ஒரே சூடு. அவர் விஷமத்துக்காகச் செய்த பொய்யும், அங்கே நிஜமாக இருந்ததும் ஒரே சாயல். எந்த அடையாளமும் இல்லாத இரண்டு, பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும்.

"ஏம்மா… ஒரு தடவை திரும்பப் பாத்திருந்தா…"

"ஆமா சார்."

"நான்தான் வேண்டாம்னேன்."

"ஆமா சார்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லலாம். அவள் சேலை நுனியால் மேஜையில் சிந்திய காபியைத் துடைத்தாள்.

"ரெண்டு வருஷம் உங்க எதிர்லதான் உக்காந்து பேசினேன். முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிரலாம்னு பாப்பேன். நீங்க வடையையே பாப்பீங்க. அதை வச்சு உப்பு இல்லைன்னு நினைச்சேன். என் நினைப்பு சரியாத்தான் இருந்திருக்கு. காரணம்தான் தப்பு." சிரிக்க முயன்றாள். "அடுத்த தொலைநோக்கி எப்போ சார்?"

"பேச்சே இல்லம்மா. இன்னும் முப்பது நாப்பது வருஷம் ஆகலாம்."

மணி அடித்தது. அவள் சாக்குப்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"கிளாஸ் இருக்கு சார். காபியைக் குடிச்சிட்டுப் போங்க, ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது. நீளமான வராந்தா அது.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே அவர் திருமலைக்கொழுந்துவுக்குப் போன் செய்தார். அவர் இப்போது டெல்லியில் ஏதோ ஒரு ஆணையத்துக்குத் தலைவர். முழுவதையும் கேட்டார்.

"வேய், யார்கிட்டயும் சொல்லாதேயும்."

"சொல்லணும் சார். அந்தப் பிள்ளையோட வாழ்க்கை."

"சொல்லி? நிரூபிக்கத் தொலைநோக்கி எங்க இருக்கு? போன தடவை ஊரறிய உப்புன்னு சொன்னீரு. இந்தத் தடவை உப்பு இல்லம்பீரு. எவன் நம்புவான்? ஒரு ஆளு ஒரு தடவைதான்வே அரிச்சந்திரனா இருக்க முடியும்."

பின்னால் நாகர்கோவில் கண்டக்டர் ஒருவர் ஆட்களைக் கூவிக் கூவி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு யோசிச்சீரா?" என்றார் இயக்குநர். குரலில் இப்போது வேறு ஒரு கவலை. "இருபத்தெட்டாம் நம்பரை நாம சும்மா விடலையே. துலாக்கோல்ல போட்டு, பிறப்பு அறுபத்திரண்டு, கருந்துளை முப்பத்தெட்டுன்னு பெரிய கட்டுரையா வந்துது. எனக்குத் தேசிய விருது கிடைச்சதே, அது எதுக்குன்னு நினைச்சீரு? அதுல உம்ம பேரும் இருக்குவே. போயிப் பாரும்."

வீட்டுக்கு வந்து, கோமதி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, கணினியைத் திறந்து தேடி எடுத்தார். முப்பத்தொரு பக்கம். நான்காம் பக்கத்தில் அவர் செய்த பொய் நிறமாலை, வண்ணத்தில், அரைப் பக்கத்துக்கு இருந்தது. அதன் கீழே, 'பிறப்பும் விழுங்கலும் இணைந்து இயங்குவதற்கு இதுவரை கிடைத்தவற்றுள் மிகத் தெளிவான சான்று' என்று எழுதியிருந்தது. ஆசிரியர்களில் ஆறாவது பெயர் ஆவுடையப்பன். அனைத்து ஆசிரியர்களும் இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புதல் அளித்துள்ளனர் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது.

ஆவுடையப்பன் அந்தக் கட்டுரையை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தார்.